அலமாரிக்குப் போடாதீர்கள்

என் வீட்டுக்காரருக்கு மூத்த தாரம் கட்சி. நான் இரண்டாவதாக வந்தவள். இதை யார் முன்னால் சொன்னாலும் அவர் கோபிக்க மாட்டார், பெருமையாகச் சிரிப்பார். மட்டாஞ்சேரியில் சுக்கு, மிளகுக் கிடங்கு ஒன்றில் சூப்பர்வைசர் வேலை. வருகிற வழியில் கட்சி ஆபீஸ் இருப்பதால் வீட்டுக்கு என்றைக்கும் தாமதமாகத்தான் வருவார். வார்டு தலைவர் என்று பெயர். எங்கள் இரண்டு குடும்பமும் தமிழ்நாட்டிலிருந்து இங்கே வந்து தலைமுறை கடந்துவிட்டது. வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம், அதில் பாதி மலையாளம். சண்டை போடும்போது மட்டும் எனக்குச் சுத்தத் தமிழ் வரும்.

நான் கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த புதிதில் அந்தக் கட்சிக்கு இங்கே எதிர்ப்பே கிடையாது. விளக்குக் கம்பத்தை நிறுத்தினாலும் ஜெயிக்கும் என்பார்கள். கூட்டம் நடக்கிற சாயங்காலம் கடைக்குப் போய்வர முடியாது. இப்போது அதே இடத்தில் கூட்டம் போட்டால் கீழே இருப்பவர்களைவிட மேடையில் இருப்பவர்கள் அதிகம். வாடகைக்கு எடுத்த நாற்காலிகளில் பாதியை அடுக்கைப் பிரிக்காமலே திருப்பி அனுப்புகிறார்கள். ஆள் குறைந்தால் இருக்கிறவர்களுக்குள் ஒற்றுமை கூடும் என்றுதானே நினைப்போம்? அங்கே நேர்மாறு. ஆள் குறையக் குறையச் சண்டை கூடியது.

சண்டை இரண்டு தலைவர்களுக்குள். ஒருவரைப் பெரியவர் என்பார்கள், இன்னொருவரைச் சின்னவர் என்பார்கள். வயதில் பெரிய வித்தியாசம் ஒன்றும் கிடையாது, இரண்டு பேரும் தலைக்குச் சாயம் பூசுகிறவர்கள்தான். மாநகராட்சித் தேர்தல் முடிந்த கையோடு சட்டசபைத் தேர்தல் வரும். அந்த சீட் யாருக்கு என்பதுதான் போட்டி. யாருடைய ஆட்கள் அதிகமாகக் கவுன்சிலர் ஆகிறார்களோ அவர் கை ஓங்கும். என் வீட்டுக்காரர் பெரியவரின் ஆள். எதிர்க்கட்சிக்காரரோடு தோளில் கைபோட்டு சாயா குடிப்பார், சொந்தக் கட்சியில் சின்னவரின் ஆளைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கமாகப் போய்விடுவார்.

இந்தத் தடவை எங்கள் வார்டு பெண்களுக்கு என்று வந்தது. இங்கே அப்படி வந்தால் ஒரு வழக்கம் உண்டு. அதுவரை சீட்டுக்காகக் கனவு கண்டுகொண்டிருந்த ஆண்கள் எல்லோருக்கும் திடீரென்று வீட்டில் ஒரு மனைவி இருப்பது ஞாபகம் வரும். எங்கள் வீட்டிலும் வந்தது. ஒரு வாரம் எனக்கு அவரே காலையில் சாயா போட்டுக் கொடுத்தார். நான் முடியாது என்றேன். மைக்கில் பேச எனக்கு வராது, உங்களைப் பார்த்துக் கத்தத்தான் வரும் என்றேன்.

கட்சி மேலிடம் சீட்டைச் சேச்சிக்குக் கொடுத்தது. எதிர்வீட்டுக்காரர். என்னைவிட மூத்தவர், அதனால் எனக்குச் சேச்சி, அதாவது அக்கா. புருஷன் இல்லை, தையல் மெஷின்கள் போட்டு இரண்டு பெண்களை வைத்து வேலை நடத்துகிறவர். பிறவி மலையாளி, ஆனால் நான் தமிழில் திட்டினால் ஒரு வார்த்தை விடாமல் புரிந்துகொள்வார். எனக்குக் கர்ப்பப்பை எடுத்த சமயம், என் சொந்தத் தங்கை போனில் மட்டும் அழுதாள். கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு தினமும் தெருவைக் கடந்து வந்தது சேச்சிதான். தெருவில் யாருக்குப் பென்ஷன் நின்றாலும், சாக்கடை அடைத்தாலும் சேச்சிதான் ஆபீஸ் ஆபீஸாக நடப்பார். கட்சிக்காக இத்தனை வருஷமும் நோட்டீஸ் மடித்தார், கூட்டத்துக்கு சாயா போட்டார், கடைசி வரிசையில் நின்று கைதட்டினார். மேடையில் அவருக்கு ஒருநாளும் நாற்காலி போட்டதில்லை. அடுத்த தேர்தலில் வார்டு மறுபடி பொதுவாகிவிடும், ஆண்கள் விடமாட்டார்கள். ஆகவே சேச்சிக்கு இது ஒன்றுதான் வாய்ப்பு, அது அவருக்கும் தெரியும். தையல் அறையைப் பூட்டிவிட்டு இறங்கினார்.

ஆனால் சேச்சி சின்னவரின் பக்கம். அதாவது அவர் எந்தப் பக்கமும் இல்லை, பேரைச் சொன்னது சின்னவர் என்பதால் அந்தப் பக்கம் ஆகிவிட்டார்.

வேட்புமனு கொடுக்கும்போது டம்மி என்று ஒருவரைக் கூடவே நிறுத்துவார்கள். நிஜ வேட்பாளரின் மனுவில் ஏதாவது குறை என்று தள்ளிவிட்டால் கட்சிக்கு ஆளில்லாமல் போகக்கூடாது, அதற்காக. நிஜ மனு தேறிவிட்டால் டம்மி வாபஸ் வாங்கிக்கொள்ள வேண்டும். நம்பிக்கையான ஆளைத்தான் இதற்குப் போடுவார்கள். சேச்சியே வந்து என்னைக் கேட்டார். நான் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்தேன். அவர் உடனே தலையை ஆட்டிவிட்டார். பரவாயில்லையே, மனுஷனுக்கு மனசு பெரிசாகிவிட்டதே என்று நினைத்தேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

மனு கொடுக்கப் போன அன்று சேச்சியும் நானும் ஒரே ஆட்டோவில் போனோம். எங்கெங்கே கையெழுத்து என்று காட்டினார்களோ அங்கெல்லாம் போட்டேன். அதிகாரி முன்னால் நின்று உறுதிமொழியை டம்மியும் முழுசாக வாசிக்க வேண்டுமாம், வாசித்தேன். வெளியே வந்து இருவரும் எலுமிச்சை சோடா குடித்தோம். மறுநாளோ என்னவோ, மனுக்களைப் பரிசீலித்து சேச்சியுடையது தேறிவிட்டது என்றார்கள். என் வேலை முடிந்தது என்று நான் அதை மறந்தே போனேன்.

அப்போதுதான் வீட்டுக்காரர் பழனிக்கு ஒரு வேண்டுதல் பாக்கி இருக்கிறது என்று ஆரம்பித்தார். தேர்தல் வேலையை விட்டுவிட்டு இப்போதா என்று கேட்டேன். இனிமேல் நேரம் கிடைக்காது என்றார். வாபஸ் விஷயம் என்ன ஆயிற்று என்றும் கேட்டேன், கேட்காமல் இல்லை. அதெல்லாம் அன்றைக்கே கையெழுத்து வாங்கியாச்சு, ஆபீஸில் பார்த்துக்கொள்வார்கள் என்றார். கல்யாணமான நாளிலிருந்து என்னை ஒரு சினிமாவுக்குக் கூட்டிப்போக நேரமில்லாத மனுஷன், ரயிலில் ஜன்னலோர சீட் பிடித்துக் கொடுத்து, பழம் உரித்துக் கொடுத்தார். எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

ரயில் எறணாகுளத்தைத் தாண்டிய பிறகு சேச்சியின் போன். குரலில் கோபம் இல்லை, பதற்றம். எங்கே இருக்கிறாய், மூன்று மணிக்கு முன்னால் நீ நேரில் வந்து வாபஸ் வாங்க வேண்டும், இன்றைக்குத்தான் கடைசி என்றார். நீ வராவிட்டால் உனக்குப் பதிலாகக் கடிதம் கொடுக்கலாம் என்றால், மனுவில் உன்னை முன்மொழிந்தவரையும் காணவில்லை என்றார். முன்மொழிந்தவரும் பெரியவரின் ஆள்தான். நான் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"இன்னைக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"மேலேர்ந்து சொன்னாங்க. நான் என்ன செய்யட்டும்?" என்றார். "நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா பேரு மட்டும் இருந்தா மதி."

பேர் மட்டும் இருந்தால் போதுமாம். பெரியவரின் ஆட்கள் எதிர்க்கட்சிக்குப் போட மனசு வராமல் தவிப்பார்கள், அவர்கள் ஓட்டைப் போட ஒரு பேர் வேண்டும். சேச்சி தோற்க வேண்டும், சின்னவர் தலை குனிய வேண்டும். அதற்கு என் பேர். ரயில் ஆலுவாவில் நின்றது. நான் பையைக்கூட எடுக்காமல் இறங்கினேன்.

இறங்கினவள் நேராக ஓடியிருக்க வேண்டாமா? மாட்டேன். ஜன்னல் பக்கம் வந்து நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவரை வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவருடைய கட்சி, அவருடைய தலைவர், அவர் போட்டிருந்த கஞ்சி போட்ட வேட்டி, ஒன்றையும் விடவில்லை. பிளாட்பாரத்தில் வடை விற்கிறவர் நின்று கேட்டார். ரயில் நகர்ந்த பிறகும் கூடவே நடந்து திட்டினேன். அவர் இறங்கவில்லை. பழத்தோலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே போனார். அந்த நேரத்தில் நான் வாயை மூடிக்கொண்டு மெட்ரோவுக்கு ஓடியிருந்தால் முந்தின வண்டியைப் பிடித்திருப்பேன். பிடித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

மெட்ரோவில் வந்து, ஆட்டோ பிடித்து, நெரிசலில் மாட்டி, தேர்தல் அதிகாரியின் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது கேட்டைச் சாத்திவிட்டார்கள். சேச்சி வெளியே வெயிலில் நின்றுகொண்டிருந்தார். நான் உள்ளே இருந்த பெண் அதிகாரியிடம் கெஞ்சினேன். என் பேரை நானே எடுத்துக்கொள்கிறேன், யாருக்கு என்ன நஷ்டம் என்றேன். அவர் பொறுமையாகவே பேசினார். நேரம் முடிந்துவிட்டது, இனிமேல் நீங்கள் வேட்பாளர்தான், ஆல் த பெஸ்ட் என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை, அதனால்தான் இன்னும் வலித்தது. கட்சிச் சின்னம் சேச்சிக்குப் போயிற்று. நான் சுயேச்சை. எனக்குச் சின்னமாக அலமாரி கொடுத்தார்கள்.

திரும்பி வந்து தெருமுனையில் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது சேச்சி, நீ சாப்பிட்டாயா என்று கேட்டார். என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

தெருவில் செய்தி எங்களுக்கு முன்னால் வந்திருந்தது. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து நாடகம் ஆடியிருக்கிறார்கள், பழனிக்குப் போகிற சாக்கில் ஒளிந்துகொண்டார்கள் என்று பேச்சு. மீன் வாங்கப் போனால் பேச்சு நின்றுவிடும். தண்ணீர் லாரிக்கு நின்றால் என் குடத்தைச் சுற்றி ஆட்கள் விலகி இடம் தானாக உண்டாகும். மறுநாள் வீட்டுக்காரர் பஞ்சாமிர்த டப்பாவோடு வந்து சேர்ந்தார். வேண்டுதல் வேறு ஒழுங்காக முடித்திருக்கிறார்! நான் அதைத் தொடவில்லை. அவருக்குச் சோறு போட்டேன், பேச்சு மட்டும் போடவில்லை.

இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடந்தேன். பிறகு எனக்கே ரோஷம் வந்தது. நான் செய்யாத காரியத்துக்கு நான் ஏன் ஒளிய வேண்டும்? புடவை கட்டிக்கொண்டு சேச்சி வீட்டுக்குப் போய், நானும் கூட வருகிறேன், எனக்குப் போடாதீர்கள் என்று நானே எல்லோரிடமும் சொல்கிறேன் என்றேன். சேச்சி என் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். பிறகு வா என்றார்.

இப்படியாக மட்டாஞ்சேரியில் ஒரு வேட்பாளர் தனக்கு ஓட்டுக் கேட்காமல் இன்னொருவருக்குக் கேட்டுக்கொண்டு வீடு வீடாக ஏறினாள். வாசலில் நின்று, கைகூப்பி, அலமாரிக்குப் போடாதீர்கள், அது கை தவறி வந்தது என்பேன். ஜனங்களுக்கு அதைவிட நல்ல பொழுதுபோக்கு இல்லை. மாடியிலிருந்து கூப்பிட்டு, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று போனில் படம் எடுத்தார்கள். குஜராத்தித் தெருப் பக்கம் ஒரு வீட்டில் வயசான அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் எனக்குப் போடாதே என்று சொல்லி வந்தவள் நீ ஒருத்திதான், உனக்குத்தான் என் ஓட்டு என்றார். எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. சேச்சி பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். அது சிரிப்பு மாதிரித்தான் இருந்தது.

பெரியவரின் ஆட்கள் சும்மா இருக்கவில்லை. ஒருநாள் விடிந்து பார்த்தால் சுவரெங்கும் என் முகம், பக்கத்தில் ஒரு அலமாரி. எங்கள் பெண்ணின் கல்யாணத்தில் எடுத்த போட்டோவிலிருந்து என்னை மட்டும் வெட்டியிருக்கிறார்கள். அந்தப் போட்டோ எங்கள் வீட்டில் மட்டும்தான் இருந்தது. யார் கொடுத்திருப்பார் என்று கேட்கவே வேண்டாம். வாளியில் தண்ணீரும் தோசைத் திருப்பியும் எடுத்துக்கொண்டு போய் நானே சுரண்டினேன். பாதி முகம் போயிருக்கும்போது ஒரு போலீஸ்காரர் வந்து, வேட்பாளரின் போஸ்டரைக் கிழிப்பது குற்றம், அந்த அம்மா புகார் கொடுத்தால் நீங்கள் உள்ளே போக வேண்டிவரும் என்று எச்சரித்தார். நான் தலையிலிருந்த துண்டை எடுத்துவிட்டு அவரைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி சுவரைப் பார்த்தார். பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கடைசியில் வார்டு கூட்டம் வைத்தார்கள். இரண்டு தலைவர்களும் வந்தால்தான் ஒற்றுமை தெரியும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சின்னவர் முதலில் வந்து நடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பின்னால் வந்த பெரியவர் மேடையில் ஏறி, உட்காராமல், மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தார். கட்சியின் பழம்பெருமை எல்லாம் சொன்னார், அந்தக் காலத்தில் இந்த மைதானம் நிறைந்து கிடந்ததைச் சொன்னார். கேட்க உட்கார்ந்திருந்தவர்கள் இரண்டு வரிசைகூட நிறையவில்லை. சின்னவர் கையைக் காட்டினார், ஒரு பையன் ஜெனரேட்டரை நிறுத்தினான். மைக் செத்தது. இரண்டு பக்கத்து ஆட்களும் மேடையேறி ஒருவரையொருவர் தள்ளினார்கள். சேச்சி கழுத்தில் மாலையோடு ஓரமாக ஒதுங்கி நின்றார். அவ்வளவு நேரப் பேச்சில் பெரியவர் வேட்பாளரின் பேரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ஜெனரேட்டரை மறுபடி ஓடவிட்டு அவருக்குப் பிறகு மைக்கைப் பிடுங்கிய சின்னவரும் சொல்லவில்லை, பெரியவரைத் திட்டவே அவருக்கு நேரம் போதவில்லை. என் வீட்டுக்காரர் கூட்டத்தில் யாரையோ சட்டையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். இந்த ஆளோடு குடும்பம் நடத்தினேனே என்று எனக்கு அவமானத்தில் கண் கலங்கியது. சேச்சி மாலையைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வா, இன்னும் நாலு வீடு பாக்கி இருக்கிறது என்றார்.

ஓட்டுப் போடுகிற அன்று வரிசையில் நின்று, என் முறை வந்ததும் உள்ளே போனேன். மெஷினில் என் பேர், பக்கத்தில் அலமாரி. சுவரில் சுரண்டியதை விட்டால், கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு என் பேரை அச்சில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றேன், அதை மறைப்பானேன். பிறகு சேச்சியின் பேருக்கு நேரே அமுக்கினேன். சத்தம் வந்தது. வெளியே வந்துவிட்டேன்.

எண்ணி முடித்தபோது ஜெயித்தது சேச்சியும் இல்லை, நானும் இல்லை என்பதைச் சொல்லவே வேண்டாம். எங்கள் வார்டில் அதுவரை ஒரு தடவைகூட ஜெயிக்காத கட்சியின் பெண் ஜெயித்தாள். சேச்சி கொஞ்ச ஓட்டில்தான் தோற்றார். அலமாரிக்கு விழுந்தது அந்த வித்தியாசத்தைவிட அதிகம். பெரியவர் சொல்லிப் போட்டவர்கள் எத்தனை பேர், பாவம் நல்லவள் என்று போட்டவர்கள் எத்தனை பேர், எனக்குத் தெரியாது. மத்தியானமே இரண்டு தலைவர்களும் டிவியில் வந்து ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டார்கள். என் வீட்டுக்காரர் டிவி முன்னால் உட்கார்ந்து, பெரியவர் சொன்னது பாயிண்ட் என்றார். நான் ரிமோட்டைப் பிடுங்கி அணைத்துவிட்டுத் தெருவைக் கடந்தேன்.

சேச்சி வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் துக்கம் கேட்டுவிட்டுப் போய்விட்டிருந்தார்கள். சேச்சி அடுக்களையில் சாயா கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் துணியை எடுத்து ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்தேன். சேச்சி நாளைக்குத் தையல் அறையைத் திறக்க வேண்டும், மெஷினுக்கு எண்ணெய் விட வேண்டும் என்று ஏதேதோ சொன்னார்.

குழாயை மூடிவிட்டு, என் பக்கம் திரும்பாமலே கேட்டார். "சத்தியம் பற. நீ ஆர்க்கா குத்தியது?"

உண்மையைச் சொல்லு, யாருக்குப் போட்டாய் என்று கேட்கிறார்.

"சேச்சிக்குத்தான்" என்றேன்.

சொன்னதும் எனக்கே காது கூசியது. அத்தனை நாளும் அத்தனை வாசலிலும் நாங்கள் கேட்ட பதில் அதுதான். கதவைத் திறந்த ஒருவர்கூட வேறு பதில் சொல்லவில்லை. சேச்சிக்குத்தான், சேச்சிக்கு இல்லாமலா என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். சொன்னபடி போட்டிருந்தால் சேச்சி தோற்பாரா? என் குரலும் அதே குரலாக இருந்தது. உள்ளே போய் நான் அமுக்கியதைப் பார்க்க யாரும் கிடையாது, பார்க்கவும் கூடாது. சத்தியமாக என்று இன்னொரு தடவை சேர்த்துச் சொன்னேன். அது முந்தினதைவிட மோசமாகக் கேட்டது.

சேச்சி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். சந்தோஷம் என்றார். பிறகு, வாசல் வாசலாக நின்று எல்லோருக்கும் செய்ததைப் போலவே, என்னைப் பார்த்துக் கைகூப்பினார்.